மதினியின் நாலாம் வகுப்பு

வெளிநாட்டுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் மாணவியை, அவள் அங்கே முடித்த வகுப்புக்கு அடுத்த வகுப்பில் சேர்க்க வேண்டும். எது அடுத்த வகுப்பு என்பதில் ஐயம் எழுந்தால், வயதுக்குப் பொருந்திய வகுப்பில் தற்காலிகமாக உட்கார வைத்துவிட்டு, மேலிடத்துக்கு எழுதித் தெளிவு பெற வேண்டும். விதியின் சாரம் இவ்வளவுதான். கல்வித் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெறும் வரை இதைத் தட்டச்சு செய்தும், திருத்தியும், கையெழுத்திட்டும் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். விதி மட்டும் அதேதான். நல்ல விதி. ஐயம் எழுந்தால் என்று தொடங்குவது ஒன்றுதான் அதன் குறை. சம்பந்தப்பட்ட யாருக்குமே ஐயம் எழாவிட்டால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

என் மதினி விஷயத்தில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

மதினி என்றால் மாமுவின் மகள். அம்மாவின் அண்ணனான மாமு சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். சண்டை நெருங்கிக்கொண்டிருந்ததால் மாமியையும் மகளையும் முன்கூட்டியே விமானம் ஏற்றிவிட்டார். கடையை விற்றுவிட்டுத் தானும் வந்துவிடுவதாகவும், தான் வரும் வரை பெண்ணின் படிப்பு ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அவர்கள் நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது இங்கே பள்ளிகள் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. மதினிக்குப் பதினாலு, எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்து நுழைந்த முதல் பெண் அவள்தான்.

அவள் படித்தது பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய பள்ளி. பல நாட்டுப் பிள்ளைகள் படித்ததால் பாதிப் பாடத்தைப் பிரெஞ்சிலும் மீதியை இங்கிலீஷிலும் நடத்துவார்களாம். சரித்திரம் பிரெஞ்சில், சயன்ஸ் இங்கிலீஷில். அதனால் ராஜாக்கள் எல்லாம் ஒரு பாஷையும் தவளைகள் எல்லாம் வேறொரு பாஷையும் பேசும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்வாள். தமிழ் வீட்டில் பேசியதோடு சரி. எழுத்து வராது.

எங்கள் பள்ளியில் ஒன்றிலிருந்து பதினொன்று வரை ஒரே வளாகத்தில் இருந்தது. பெண்கள் பள்ளி. அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. மதினி அங்கே ஒன்பது வருடப் படிப்பை முடித்திருந்தாள். பத்தில் சேர்ந்தால் இரண்டே வருடம், எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும். மாமி இதை விரல்விட்டு எண்ணி, எண்ணியதை மாமுவுக்கு எழுதியும் போட்டுவிட்டாள்.

சேர்க்கைக்கு அத்தா அழைத்துப் போனார். என் அப்பாவான அவர் தோல் பதனிடும் ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளியிலேயே நாலாம் வகுப்பு படிக்கிறவள் என்ற தகுதியில் நானும் கூடப் போனேன்.

கிளார்க் சார் மூன்று வருடச் சான்றிதழ்களையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். அவற்றில் அவருக்குத் தெரிந்தவை முத்திரையும் எண்களும் மட்டும்தான். முந்தின வருடம் ஐந்து. போன வருடம் நான்கு. இந்த வருடம் மூன்று. கண்ணாடிக்கு மேலாக மதினியை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

“என்ன பாய், புள்ளைய வருசா வருசம் எறக்கிக்கிட்டே வந்திருக்காங்க?”

“இல்லீங்க சார்,” என்றாள் மதினி. “அங்க மேலருந்து கீழ எண்ணுவாங்க. பெரிய பள்ளிக்கூடத்துல மொத வகுப்பு ஆறு. அப்புறம் அஞ்சு, நாலு, மூணு. ஒண்ணு முடிஞ்சதும் இன்னும் ஒரு வகுப்பு இருக்கு, அதுக்கு நம்பர் கெடையாது.”

“நம்பரே இல்லாத வகுப்பா?”

“ஆமாங்க. அதான் கடைசி.”

“ஒண்ணுக்கும் கீழ போனா நம்பருக்கு எங்க போறது,” என்று கிளார்க் சார் ஒப்புக்கொண்டார். பிறகு மதிப்பெண்களுக்கு வந்தார். “கணக்குல பதினாறு. நம்ம மக்குப் புள்ளைகளே முப்பத்தஞ்சு எடுத்துருதுங்களேம்மா.”

“அது இருபதுக்குங்க சார்.”

“எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கு பாய் இந்தப் புள்ள.”

அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆபீஸ்களில் அவர் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். “எங்க தோல் ஷாப்புலயும் அப்படித்தான் சார். ஒண்ணாம் நம்பர்தான் ஒசத்தி. நம்பர் கூடக் கூட மட்டம்.”

“அது தோலு பாய். இது படிப்பு.”

அத்தா அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த அறையில் அன்று சொல்லப்பட்டவற்றிலேயே சரியான வாக்கியம் தான் சொன்னதுதான் என்பது அத்தாவுக்குக் கடைசி வரை தெரியாது.

தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். கெட்டவர் இல்லை. தணிக்கைக்குப் பயந்தவர். பிற்காலத்தில் அதே பயத்தோடு நானும் வாழ்ந்தவள் என்பதால் அவரை என்னால் திட்ட முடிவதில்லை. மூன்றாம் வகுப்பு முடித்த பெண்ணைப் பத்தில் உட்கார வைத்தால் தணிக்கையில் கேள்வி வரும். பதினாலு வயதுப் பெண்ணை நாலில் உட்கார வைத்தால் வராது. வயது கூடுதலாக இருப்பதை யாரும் ஆட்சேபிப்பதில்லை. வகுப்பு கூடுதலாக இருந்தால்தான் ஆட்சேபம். மூன்றுக்கு அடுத்தது நான்கு என்பதில் அவருக்கும் எந்த ஐயமும் இல்லை. ஆனாலும் மதினியின் கண்கள் கலங்கியதைப் பார்த்துவிட்டு, “சரி, நான் மேல எழுதிக் கேக்குறேன். பதில் வந்ததும் மாத்திக்கலாம். ஒரு மாசம். அதுவரைக்கும் நாலாப்புல உக்காரட்டும்,” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மதினி என் வகுப்பு.

கடைசி பெஞ்சில், சுவரோரமாக, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் உள்ளே போகாமல் பக்கவாட்டில் காலை நீட்டிக்கொள்வாள். நாங்கள் எல்லோரும் பாவாடை சட்டை. அவள் ஒருத்தி தாவணி. முதல் நாள் இடைவேளையில் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி திரும்பிக் கேட்டாள்.

“ஏக்கா, நீ எத்தன வருசம் ஃபெயிலு?”

மதினி கொஞ்சம் யோசித்தாள். “ஆறு வருசம்.”

“ஆத்தீ! அம்புட்டு வருசமா? வீட்டுல அடிக்கலயா?”

“இனிமேத்தான் அடிப்பாங்க,” என்றாள் மதினி. அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குத் தனி மரியாதை.

டீச்சருக்குத்தான் சங்கடம். மதினி வகுத்தல் கணக்கை வேறு மாதிரி போடுவாள். வகுக்கும் எண்ணை வலது பக்கம் எழுதி, அதற்குக் கீழே விடையை எழுதுவாள். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு கிழிப்பாள். டீச்சர் விடையைப் பார்ப்பார், சரியாக இருக்கும். வழியைப் பார்ப்பார், குறுக்கே ஒரு பெரிய கோடு இழுத்துவிடுவார். தமிழில் மட்டும் மதினி எங்கள் எல்லோரையும்விடப் பின்தங்கியிருந்தாள். ஒரு பத்தியை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அந்த ஒரு பாடத்தில் நாலாம் வகுப்பு அவளுக்குச் சற்று அதிகப்படிதான்.

ஒரு மாதம் போனது. அடுத்ததும் போனது. மாமி கல்வி அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தாள். தனியாக வெளியே போகும் வழக்கம் இல்லாததால் துணைக்கு ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளை நான். சான்றிதழ் பிரெஞ்சில் இருப்பதால் மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். மாமி மறுவாரமே கொண்டுபோனாள். யார் செய்தது என்று கேட்டார் அந்தப் பிரிவு குமாஸ்தா.

“எம் மகதாங்க.”

“மனுதாரரே மொழிபெயர்த்தா செல்லாதும்மா. பிரெஞ்சு தெரிஞ்ச வேற யாராச்சும் செஞ்சு கையெழுத்துப் போடணும்.”

“இந்த ஊருல வேற யாருங்க இருக்கா?”

“அது உங்க பொறுப்பும்மா.”

அவர் சொன்னது சரி. அது விண்ணப்பதாரரின் பொறுப்புதான். நானும் பலரிடம் அதையே சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு மாதா கோயிலில் இருந்த ஃபாதருக்குப் பிரெஞ்சு தெரியும் என்று அத்தா விசாரித்து வந்தார். மதக் கல்விக்காகப் புத்தகம் படித்துக் கற்றுக்கொண்ட பிரெஞ்சு. மாமி, மதினி, நான் மூவரும் பஸ் ஏறிப் போனோம். ஃபாதர் எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று சான்றிதழ்களையும் ஒரு பிழை இல்லாமல் மொழிபெயர்த்தார். அந்த மாதிரி நேர்த்தியான மொழிபெயர்ப்பை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. அதன் கடைசி வரி: மேற்படி மாணவி மூன்றாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றுள்ளார்.

மதினி அதைப் பார்த்துவிட்டுப் பதறினாள். “ஃபாதர், அங்க மேலருந்து எண்ணுவாங்கன்னு ஒரு வரி சேத்துருங்க. ஒரே ஒரு வரி.”

“பேப்பர்ல இல்லாதத நான் எப்படிம்மா எழுதுறது? கீழ கையெழுத்துப் போடுறேன்ல?”

“அது உண்மைதான் ஃபாதர்.”

“உண்மையா இருக்கலாம்மா. ஆனா பேப்பர்ல இல்ல.”

முத்திரை குத்திக் கொடுத்தார். கிளார்க் சார் தானாக அர்த்தம் பண்ணிக்கொண்ட ஒன்று, அன்று முதல் சான்றளிக்கப்பட்ட உண்மை ஆகிவிட்டது. மாமி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்காமல் இருக்கவும் முடியாது, கேட்டிருக்கிறார்களே. கோப்பு மெட்ராஸ் போனது.

மாமுவிடமிருந்து கடிதம் வரும்போதெல்லாம், பத்தாம் வகுப்புப் பாடம் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டிருப்பார். மாமி பதில் எழுதும்போது மதினி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

அரையாண்டுக்குச் சற்று முன் இன்ஸ்பெக்ஷன் வந்தது. பெண்கள் பள்ளிகளுக்கு அப்போது இன்ஸ்பெக்ட்ரஸ் என்று தனி அதிகாரி உண்டு. பெரிய டீச்சர் எழுதிய கடிதமும் அவர் அலுவலகம் வழியாகத்தான் மேலே போயிருந்தது. பள்ளிக்கு வெள்ளையடித்தார்கள், உடைந்த பெஞ்சுகளை மறைத்தார்கள். மதினியை எங்கே மறைப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. லீவு போடச் சொல்லலாம் என்றால், வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு என்று காட்டியாக வேண்டும். எங்கள் வகுப்பு டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார். சேலை கட்டினால் அவள் பயிற்சி டீச்சர் மாதிரி இருப்பாள்.

பெரிய டீச்சர் மதினியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். “நீ நாலாப்புல உக்காந்திருக்கிறது அவங்க கண்ணுல பட்டா, யாரக் கேட்டுச் சேத்தேன்னு கேப்பாங்க. பேரையே அடிச்சிருவாங்க. அப்புறம் நல்ல பதில் வந்தாலும் உன்னைச் சேத்துக்க முடியாது. ஒரு நாள்தான், கண்ணு.”

மதினி தலையாட்டிவிட்டாள். மறுநாள் காலையில் தன்னுடைய நல்ல சேலையை அவளுக்குக் கட்டிவிட்டுக்கொண்டே மாமி அம்மாவிடம் கேட்டாள்: “நாலாப்புப் புள்ளைய டீச்சர்னு காட்டத் தெரியுது இவங்களுக்கு. பத்தாப்புப் புள்ளைன்னு காட்டத் தெரியலையா?”

அம்மா மடிப்புக்கு ஊக்கு எடுத்துக் கொடுத்தாள்.

எங்கள் டீச்சர் வேறொரு வகுப்பைப் பார்க்கப் போக, மதினி கரும்பலகை முன்னால் நின்றாள். பின்னப் பாடம். சாக்பீஸை எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் வந்து, என் சடையில் இருந்த ரிப்பனை உருவினாள். அதை நீட்டிப் பிடித்து இரண்டாக மடித்தாள். இது எவ்வளவு? அரை. மறுபடியும் மடித்தாள். இப்போது? கால். இன்னும் ஒரு தடவை. அரைக்கால் என்று வகுப்பே கத்தியது. “கீழ இருக்கிற நம்பர் பெருசாகுது. துண்டு என்ன ஆகுது?” என்று கேட்டாள். சிறுசாகுது, சிறுசாகுது என்று கத்தினோம். அந்தச் சத்தத்தில் இன்ஸ்பெக்ட்ரஸ் உள்ளே வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

அவர் பின்னால் என் பெஞ்சிலேயே, மதினியின் இடத்தில், வந்து உட்கார்ந்தார். பாடம் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. என்னிடம் குனிந்து, “டீச்சர் எப்பவும் இப்படித்தான் சொல்லித் தருவாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மதினி என்று வாய் தவறிச் சொல்லிவிடவில்லை என்பதில் எனக்கு அன்று முழுவதும் பெருமை.

பிறகு அவர் எழுந்து மதினியிடம் போனார். பெரிய டீச்சர் வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லா எடுத்தேம்மா. எது வரைக்கும் படிச்சிருக்க?”

மதினி பெரிய டீச்சரைப் பார்த்தாள், இன்ஸ்பெக்ட்ரஸைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“மூணாவது முடிச்சிருக்கேன் மேடம்.”

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கேள்வி வரும் என்று காத்திருந்தாள். ஒரே ஒரு கேள்வி. எந்த ஊரில் மூணாவது என்று கேட்டிருந்தால்கூடப் போதும்.

இன்ஸ்பெக்ட்ரஸ் சிரித்தார். “நாலாப்புக்கு எடுக்க மூணாப்பு போதும்கிறியா? சரிதான். டீச்சருக்கு இந்த நகைச்சுவை வேணும்.” பெரிய டீச்சரும் சிரித்தார். பெரியவர்கள் சிரித்ததால் நாங்களும் சிரித்தோம். மதினி ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

வழியனுப்பும்போது மல்லிகைச் சரம் கொடுக்க என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெரிய டீச்சர் அறையில் தட்டோடு ஓரமாக நின்றேன். இன்ஸ்பெக்ட்ரஸ் டீயைக் குடித்துவிட்டு ஏதோ நினைவு வந்தவர்போல் கேட்டார்.

“உங்க ஸ்கூல்லருந்து ஒரு ஃபாரின் பொண்ணு கேஸ் வந்துச்சே. என்ன ஆச்சு?”

“மேல போயிருக்குங்கம்மா.”

“அப்பச் சரி,” என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ்.

நல்ல செய்தியைக் கொண்டுபோகிற அவசரத்தில் வீட்டுக்கு ஓடினேன். மதினி சேலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். “மதினி, ஒன் கேஸப் பத்தி அவங்களே கேட்டாங்க. மேல போயிருக்காம்!”

“யாரு கேட்டா?”

“இன்ஸ்பெக்ட்ரஸ்தான். பெரிய டீச்சர்ட்ட.”

“என்ன கேட்டாங்க? ஒரு எழுத்து விடாமச் சொல்லு.”

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னேன். சேலையின் முனைகளைச் சேர்த்துப் பிடித்தவள் மடிக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. அதற்கடுத்த நாளும் கிளம்பவில்லை. மாமி கெஞ்சினாள், அத்தா அதட்டினார். “பதில் வரட்டும், போறேன்,” என்று மட்டும் சொன்னாள்.

அத்தா வேலை பார்த்த தோல் ஷாப்புக்குப் பிரெஞ்சு வியாபாரிகளிடமிருந்து கடிதங்கள் வரும். அவற்றைப் படித்துப் பதில் எழுத ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்ல, அத்தா மதினியை அழைத்துப் போனார். செத்த நேர வேலை என்று ஆரம்பித்தது முழுநேரம் ஆனது. அங்கே யாரும் அவளிடம் சான்றிதழ் கேட்கவில்லை. பதினைந்து வயதில் சம்பளம் வாங்கினாள். எனக்கு ரப்பர் வைத்த பென்சில் வாங்கித் தந்தாள். கடையை விற்க முடியாமல், எல்லாம் போய், ஒற்றைப் பையோடு மாமு வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு. செருப்பைக் கழற்றுமுன் அவர் கேட்ட முதல் கேள்வி, “எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எந்த மாசம்?”

மாமி அவரை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமே வரவில்லை. சண்டை போடவில்லை என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போய்ச் சில நாட்கள்தான் ஆகியிருக்கும். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு பழுப்பு உறையை நீட்டினார். “ஒங்க வீட்டுல குடுத்துரு. நல்ல பதில்தான் வந்திருக்கு. நாளைக்கே வரச் சொல்லு.” மதிய இடைவேளையில் நாகல் நகர்த் தெருவெல்லாம் நான் ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு அறுந்துவிட்டது. மதினி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளே பிரித்தாள். மேற்படி மாணவியைப் பத்தாம் வகுப்பில் சேர்க்க ஆட்சேபணை இல்லை. இரண்டு வரிதான். எழுத்துக் கூட்டாமல் படித்தாள். மாமியிடம் கொடுத்தாள். மாமி படித்துவிட்டு மாமுவிடம் கொடுத்தாள். மாமு அதை மடித்து, திரும்பவும் உறைக்குள் போட்டார்.

“நாளைக்கே வரச் சொன்னாங்க மதினி,” என்றேன்.

“சரிடி. நீ கை கழுவிட்டு வா, சோறு வைக்கிறேன்.”

அடுக்களைத் திண்டில் ஒரு தட்டு நிறைய மிட்டாய் இருந்தது. கடிதம் வருவது இவர்களுக்கு எப்படி முன்பே தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டு, இரண்டு எடுத்துக்கொண்டேன். யாரும் சாப்பிடாததால் மூன்றாவதும் எடுத்தேன். மதினியின் வெற்றிக்கு நான் ஒருத்தியாவது கொண்டாட வேண்டாமா? அவர்கள் ஏன் சந்தோஷப்படவில்லை என்று கோபமாகக்கூட இருந்தது. மிட்டாய் எதிர்வீட்டிலிருந்து வந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு மதினியின் வயது. எங்கள் பள்ளியில்தான் பத்தும் பதினொன்றும் படித்தாள். மேலிடத்துப் பதில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. முடிவு பேப்பரில் வந்த அன்று.